வெள்ள வரைபடங்கள்: சென்னை மேற்குப் புறநகரின் அனுபவம்

வெள்ள வரைபடம் என்பது, ஆறும் ஏரியும் நிரம்பி வெளியேறும் நீரும், வடிய வழியின்றித் தேங்கும் மழைநீரும் எந்தெந்த இடங்களில் எவ்வளவு உயரத்துக்கு நிற்கக்கூடும் என்று காட்டும் படம் ஆகும். ஒரு காலத்தில் பொறியாளர் அலுவலகங்களில் மட்டும் இருந்த இப்படம் இன்று கைப்பேசித் திரைக்கு வந்துவிட்டது. 2015ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பிறகு சென்னைக்கென இத்தகைய மின்னணுப் படங்கள் பல உருவாயின. சிலவற்றை அரசு உருவாக்கியது. சிலவற்றைத் தன்னார்வலர்கள் உருவாக்கினர். படம் துல்லியமாவது ஒன்று, அது ஓர் ஊர் மக்களின் கைக்குப் பயன்படும் பொருளாவது வேறொன்று என்பதை இந்த அனுபவம் காட்டியது. வேலப்பன்சாவடியையும் அதைச் சுற்றியுள்ள பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பகுதிகளையும் முன்வைத்து அந்த வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

இடமும் நீர்வழிகளும்

வேலப்பன்சாவடி, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மதுரவாயலுக்கும் பூந்தமல்லிக்கும் இடையே உள்ள ஊர். திருவேற்காடு நகராட்சியைச் சேர்ந்தது. சாவடி என்பது வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். அருகிலுள்ள குமணன்சாவடி, கரையான்சாவடி ஆகிய பெயர்களும் இந்தப் பழைய பெருவழியின் நினைவைத் தாங்கியவை. நெடுஞ்சாலைக்கு வடக்கே கூவம் ஆறு கிழக்கு நோக்கி ஓடுகிறது. சுற்றிலும் அயனம்பாக்கம், பருத்திப்பட்டு, அம்பத்தூர், கொரட்டூர், போரூர் முதலிய ஏரிகள் உள்ளன.

இப்பகுதியில் வெள்ளத்தைப் புரிந்துகொள்ள மூன்று ஆறுகளைப் பிரித்தறிய வேண்டும். வடக்கே கொசஸ்தலையாறு. பூண்டி நீர்த்தேக்கத்தின் உபரிநீர் இதன் வழியே எண்ணூரில் கடலைச் சேரும். நடுவே கூவம். இது கேசாவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையாற்றிலிருந்து பிரிந்து வரும் நீரையும், வழியிலுள்ள ஏரிகளின் மறுகால் நீரையும் பெற்று, சென்னை நகரின் நடுவே சென்று கடலில் கலக்கிறது. தெற்கே அடையாறு. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் இதில்தான் சேர்கிறது.

இந்தப் பிரிவு ஏட்டுக் கல்வியோடு நின்றுவிடுவதன்று. செம்பரம்பாக்கம் ஏரி பூந்தமல்லிக்கு மிக அருகில் இருப்பதால், அதன் மதகுகள் திறக்கப்படும் செய்தி வந்தவுடன் சுற்றுவட்டாரம் முழுவதும் கவலை பரவும். ஆனால் அந்த நீர் குன்றத்தூர், திருநீர்மலை, மணப்பாக்கம் வழியாக அடையாற்றில் செல்வது. கூவம் கரையில் இருப்பவர் கவனிக்க வேண்டியது கேசாவரத்தில் எவ்வளவு நீர் திறக்கப்படுகிறது, மேல்பகுதி ஏரிகளின் கலங்கல் வழிகிறதா என்பவற்றை. நல்ல வெள்ள வரைபடம் ஒருவருக்குச் செய்யும் முதல் உதவி, அவர் எந்த ஆற்றின் வடிநிலத்தில் வசிக்கிறார் என்று சொல்வதே.

ஊர்ப்பெயரும் பதிவேடும்

மின்னணுப் படங்களுக்கு நெடுங்காலம் முன்பே இவ்வட்டாரத்தில் நீர் பற்றிய பதிவு இருந்தது. ஊர்ப்பெயர்களே அதற்கு முதல் சான்று. தாங்கல் என்பது தொண்டை மண்டலத்தில் சிறிய ஏரியைக் குறிக்கும் சொல். ஐயப்பன்தாங்கல் என்ற பெயரைக் கேட்டவுடன் அங்கே நீர் தங்கிய இடம் ஒன்று இருந்தது தெரிந்துவிடும். ஏரி, குளம், ஓடை, தாங்கல் என முடியும் தெருப்பெயர்களும் இத்தகையவையே.

எழுத்துப் பதிவுகளில் முக்கியமானது 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1763இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி செங்கல்பட்டு ஜாகீரைப் பெற்றது. பூந்தமல்லி வட்டாரமும் இதில் அடங்கும். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் அந்த ஜாகீரின் ஏறக்குறைய 2,000 ஊர்களை அளந்து பதிவு செய்தார். ஒவ்வோர் ஊரிலும் ஏரி, வாய்க்கால், தோப்பு, நத்தம், விளைநிலம் ஆகியவை எத்தனை காணி என்பது அதில் உள்ளது. இதற்கு அடிப்படையாக ஊர்க் கணக்கர்கள் எழுதி வைத்த ஓலைச்சுவடிகளும் இருந்தன. வரி வசூலுக்காகச் செய்யப்பட்ட வேலை அது. ஆயினும் எந்த நிலம் நீருக்கு உரியது என்பது அதில் தெளிவாகப் பதிவாயிற்று.

பின்னர் வந்த நில அளவைப் புலப்படங்களும் கிராம 'அ' பதிவேடும் அதே வழியைத் தொடர்ந்தன. 'ஏரிப் புறம்போக்கு', 'ஓடைப் புறம்போக்கு', 'வாய்க்கால் புறம்போக்கு' என்று அவற்றில் காணும் வகைப்பாடுகள், வேறு சொற்களில் எழுதப்பட்ட வெள்ள எச்சரிக்கைகள்தாம். ஊர் நகரமாகி, வயல் மனைகளான காலத்தில் அப்பதிவேட்டைப் படிப்பவர் குறைந்தனர். அயக்கட்டு மறைந்தது, ஆனால் ஏரி நிரம்பினால் நீர் போகும் பள்ளம் மறையவில்லை. அம்பத்தூர், கொரட்டூர், மாதவரம் இரட்டை ஏரி ஆகியவை ஒன்றன் நீர் மற்றொன்றுக்குச் செல்லும் சங்கிலித் தொடராக அமைந்தவை. இடையில் உள்ள கால்வாய் சுருங்கினால் நீர் தெருவைக் கால்வாயாக்கிக்கொள்ளும்.

பூட்டியிருந்த வரைபடங்கள்

இந்தியாவில் நில அளவையின் வரலாறு சென்னையோடு நெருங்கிய தொடர்புடையது. 1802இல் வில்லியம் லாம்டன் தம் முக்கோண அளவைக்கான அடிக்கோட்டைப் பரங்கிமலைப் பகுதியில்தான் அளந்தார். இருப்பினும், விரிவான வரைபடங்கள் பொதுமக்களுக்கு எளிதில் கிடைக்கவில்லை. நிலத்தின் ஏற்றத்தாழ்வைக் காட்டும் சமவுயரக் கோடுகள் கொண்ட படங்கள் பாதுகாப்புக் காரணங்களால் நெடுங்காலம் கட்டுப்பாட்டில் இருந்தன. 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கை, பொதுப் பயன்பாட்டுக்கெனத் தனி வரிசைப் படங்களை அறிமுகப்படுத்தியது. 2009இல் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் 'புவன்' இணையத்தளத்தைத் தொடங்கியது. 2021 பிப்ரவரியில் வெளியான புவியிடத் தரவு வழிகாட்டுதல்கள் இந்தியர்கள் முன் அனுமதியின்றி வரைபடம் தயாரிக்க வழி திறந்தன. 2022இல் தேசிய புவியிடக் கொள்கை வந்தது.

ஆகவே, சென்னைவாசிகள் பெருவெள்ளத்தைச் சந்தித்த 2015இல், தம் தெரு கடல்மட்டத்திலிருந்து எத்தனை அடி உயரத்தில் உள்ளது என்பதை நம்பத்தகுந்த முறையில் அறிய அவர்களுக்கு எளிய வழி எதுவும் இல்லை.

2015: மக்கள் வரைந்த படம்

1943, 1976, 1985, 1996, 2005 எனச் சென்னை பல வெள்ளங்களைக் கண்டுள்ளது. 2015 நவம்பர், டிசம்பர் மாதங்களில் வந்தது அவற்றையெல்லாம் விஞ்சியது. டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் வெளியேற்றப்பட்டது. அந்த நீர் எந்தத் தெருவரை வரும் என்று காட்டும் படம் கரையோர மக்கள் கையில் இல்லை.

இந்த வெற்றிடத்தில்தான் மக்கள் வரைந்த வெள்ளப் படம் தோன்றியது. எவரும் திருத்தக்கூடிய பொது வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அடிப்படையில், அருண் கணேஷ் உள்ளிட்ட வரைபட ஆர்வலர்கள் 2015 நவம்பரில் ஒரு படத்தை வெளியிட்டனர். அதன் முறை மிக எளியது. நீர் நிற்கும் தெருவின் மீது தொட்டால் அத்தெரு நிறம் மாறும். பெயர் பதிவு செய்ய வேண்டியதில்லை. சில நாட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தெருக்கள் குறிக்கப்பட்டன. அதே நேரத்தில் சென்னைரெயின்ஸ் என்ற தன்னார்வ இணையத்தளம் தங்குமிடம், உணவு, மீட்புத் தேவைகளைத் திரட்டி வெளியிட்டது.

மூன்று பலன்கள் கிடைத்தன. எந்த வழியே போகலாம் என்று மீட்புக்குச் செல்வோர் அறிந்தனர். வெளியூரில் இருந்தவர்கள் பெற்றோர் வசிக்கும் தெருவின் நிலையைப் பார்த்தனர். வெள்ளம் வடிந்தபின், எங்கே நீர் நின்றது என்பதற்கு ஒரு பொதுப் பதிவு எஞ்சியது.

குறைகளும் தெரிந்தன. நீர் வடிந்த தெருவின் குறியை நீக்குவோர் குறைவு. மின்சாரமும் அலைபேசித் தொடர்பும் அற்றுப்போன பகுதிகள், அதாவது மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட பகுதிகள், படத்தில் வெறுமையாக இருந்தன. திறன்பேசி இல்லாத குடிசைப் பகுதிகளும் அவ்வாறே. படத்தில் குறி இல்லாத இடத்தை வெள்ளம் இல்லாத இடம் என்று எடுத்துக்கொள்வது ஆபத்தானது என்பது அப்போது விளங்கியது.

ஜகார்த்தாவிலிருந்து சென்னைக்கு

இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தா இதே சிக்கலுக்கு முன்னரே விடை தேடியிருந்தது. அங்கே 2014 இறுதியில் 'பெத்தாஜகார்த்தா' என்ற திட்டம் ஆஸ்திரேலியாவின் வுலங்காங் பல்கலைக்கழகமும் ஜகார்த்தா பேரிடர் மேலாண்மை முகமையும் இணைந்து தொடங்கப்பட்டது. வெள்ளம் பற்றி ஒருவர் டுவிட்டரில் எழுதினால் ஒரு தானியங்கிக் கணக்கு அவருக்குப் பதில் அனுப்பி, இடத்தைக் குறித்து உறுதிப்படுத்துமாறு கேட்கும். அந்தத் தகவல் உடனே பொது வரைபடத்தில் சேரும். பேரிடர் முகமை அலுவலர்களும் அதே படத்தைப் பயன்படுத்தினர். அவர்கள் வெள்ள நிலையைக் குறிக்க எடுத்துக்கொண்ட அலகு, மக்கள் அன்றாடம் அறிந்த சிற்றளவிலான அக்கம்பக்க நிருவாகப் பிரிவு ஆகும். திட்டம் வேரூன்ற இது பெரிதும் உதவியது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தின் நகர இடர் ஆய்வகம் இம்முறையை வளர்த்து, 'ரிஸ்க்மேப்' என்ற பெயரில் 2017 பருவமழைக் காலத்தில் சென்னையில் சோதனை செய்தது. சமூக ஊடகச் செயலியில் செய்தி அனுப்பினால் ஓர் இணைப்பு வரும். அதில் இடம், நீரின் உயரம், புகைப்படம், சிறு குறிப்பு ஆகியவற்றைப் பதியலாம். 2015ஆம் ஆண்டுப் படம் 'நீர் இருக்கிறதா, இல்லையா' என்று மட்டும் கேட்டது. இது 'எவ்வளவு ஆழம்' என்றும் கேட்டது. முழங்கால் அளவு நீருக்கும் இடுப்பளவு நீருக்கும் உள்ள வேறுபாடு, நடந்து செல்வதா படகு வரவழைப்பதா என்ற முடிவைத் தீர்மானிக்கும்.

அரசின் முன்னறிவிப்பு அமைப்புகள்

மக்கள் படங்கள் நீர் வந்தபின் வரையப்படுபவை. வருமுன் சொல்லும் பணியை அறிவியல் நிறுவனங்களே செய்ய இயலும். சென்னையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், ஐ.ஐ.டி.கள், அண்ணா பல்கலைக்கழகம் முதலியவற்றின் பங்களிப்புடன் உருவான சென்னைக் கடலோர வெள்ள எச்சரிக்கை அமைப்பு 2019இல் வெளியிடப்பட்டது. மழை முன்னறிவிப்பு, ஆற்று நீரோட்டம், கடல் ஏற்றவற்றம் ஆகியவற்றை இணைத்து எந்தப் பகுதியில் நீர் தேங்கும் என்று இது கணிக்கிறது. கடலைக் கணக்கில் எடுப்பது முக்கியம். முகத்துவாரத்தில் கடல் ஏற்றமாக இருந்தால் ஆற்றுநீர் வெளியேறத் தாமதமாகும்.

தமிழ்நாடு அரசு 2018இல் டிஎன்-ஸ்மார்ட் என்ற பேரிடர் எச்சரிக்கை அமைப்பையும், 2024இல் டிஎன்-அலர்ட் செயலியையும் கொண்டுவந்தது. கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு, கோவளம் வடிநிலங்களுக்காக உலக வங்கி உதவியுடன் நிகழ்நேர வெள்ள முன்னறிவிப்பு அமைப்பு ஒன்றும் திட்டமிடப்பட்டது. 2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பின், ஓய்வுபெற்ற இந்திய ஆட்சிப்பணி அலுவலர் வெ. திருப்புகழ் தலைமையில் அமைந்த குழு 2023 மார்ச்சில் இறுதி அறிக்கை அளித்தது. உலக அளவில் கூகுள் நிறுவனம் 2018இல் பாட்னாவில் தொடங்கிய வெள்ள முன்னறிவிப்பு இன்று பல நாடுகளுக்கு விரிந்துள்ளது. ஆயினும் அது பேராறுகள் கரைபுரளும் வெள்ளத்தை மையமாகக் கொண்டது. தெருவில் தேங்கும் நகர வெள்ளம் வேறு வகை.

மேற்குப் புறநகரில் இவற்றின் பயன் எல்லைக்கோடுகளால் குறைகிறது. 2011இல் பெருநகர சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது அம்பத்தூரும் மதுரவாயலும் அதில் சேர்ந்தன. திருவேற்காடு நகராட்சியும் பூந்தமல்லி நகராட்சியும் வெளியே நின்றன. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது. ஆறும் ஏரிகளும் நீர்வளத் துறையிடம், நெடுஞ்சாலை நெடுஞ்சாலைத் துறைகளிடம், தெரு வடிகால் உள்ளாட்சியிடம் உள்ளன. கூவம் இந்த எல்லைகளை அறியாது. ஒரு மாநகராட்சிக்கென வரையப்பட்ட படம் அதன் எல்லையில் முடிந்துவிடும். நீரோ மேலேயிருந்து வந்துகொண்டிருக்கும்.

படம் ஏன் பழையதாகிறது

ஆற்றுப்படுகையும் ஏரியும் மாறாமலிருந்தால் ஒருமுறை வரைந்த படம் போதும். புறநகரில் நிலம் ஆண்டுதோறும் மாறுகிறது. சாலையைச் சுரண்டாமல் அதன் மீதே புதிய தார் போடும்போது மட்டம் உயர்கிறது. சில முறை இவ்வாறு நடந்தால் வீட்டு வாசல் சாலைக்குக் கீழே போய்விடும். காலி மனையில் மண் கொட்டி உயர்த்தினால் அங்கு நின்ற நீர் அடுத்த மனைக்குச் செல்லும். புதிய மேம்பாலமும் சுற்றுச்சாலையும் நீரோட்டத்துக்கு அணைபோல் அமையலாம். புதிய மழைநீர் வடிகால் ஒரு தெருவைக் காப்பாற்றி, அது முடியும் தெருவுக்குச் சுமையை மாற்றலாம்.

அளவீட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. உலகெங்கும் இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவுகளில் புகழ்பெற்றது, 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ராடார் மூலம் எடுக்கப்பட்டது. மரத்தின் உச்சியையும் கட்டடத்தின் கூரையையும் அது தரையெனக் கொள்ளக்கூடும். அதன் பிழை சில மீட்டர் அளவுக்கு இருக்கும். சென்னை போன்ற சமதள நகரில் வெள்ளம் அடிக் கணக்கில் அளக்கப்படுகிறது. மீட்டர் கணக்கில் பிழை உள்ள படத்தை வைத்து அடிக் கணக்கு வெள்ளத்தைச் சொல்ல முடியாது. வானூர்தியிலிருந்து லேசர் கதிர் மூலம் எடுக்கும் அளவீடு இதனினும் மிகத் துல்லியமானது. அதையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

படம் சரியாக இருந்தும்

துல்லியம் மட்டுமே போதாது என்பதற்கு ஜப்பானில் ஒரு துயரமான சான்று உண்டு. அங்கே உள்ளாட்சிகள் வெள்ள அபாய வரைபடம் தயாரித்து வீடுதோறும் அளிப்பது சட்டப்படியான கடமை. 2018 ஜூலையில் குராஷிக்கி நகரைச் சேர்ந்த மாபி பகுதியில் ஆற்றின் கரை உடைந்தது. நீர் சூழ்ந்த பரப்பு, முன்பே அளிக்கப்பட்ட வரைபடம் காட்டிய பரப்போடு ஏறக்குறைய அப்படியே பொருந்தியது. ஆனாலும் அங்கே 51 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் முதியோர். வரைபடம் வீட்டுக்கு வந்திருந்தது. வீட்டை விட்டு எப்போது, யாருடன், எங்கே போவது என்ற ஏற்பாடு வரவில்லை. 2020 ஆகஸ்டு முதல் ஜப்பானில் வீடு, மனை விற்கும் முகவர், அந்த இடம் அபாய வரைபடத்தில் எங்கே உள்ளது என்பதை வாங்குபவருக்கு விளக்க வேண்டும் என்பது கட்டாயமாயிற்று.

அமெரிக்காவில் 1968இல் தொடங்கிய தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் வரையப்படும் படங்களுக்கு மற்றொரு சிறப்பு உண்டு. புதிய படம் இறுதியாவதற்கு முன் 90 நாட்கள் மேல்முறையீட்டுக்காலம் அளிக்கப்படுகிறது. படம் தவறு என்று கருதும் ஊரார் சான்றுடன் மறுப்புத் தெரிவிக்கலாம். திருத்தும் உரிமை இருப்பதால் மக்கள் படத்தைக் கூர்ந்து படிக்கின்றனர்.

மக்கள் எவ்வாறு பயன்படுத்துகின்றனர்

சென்னையில் மக்கள் ஏற்றுக்கொண்ட வெள்ளத் தகவல் பெரும்பாலும் எண்ணாகவும் இடப்பெயராகவும் வந்ததுதான். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி என்பது 2015க்குப் பின் சென்னையில் பலருக்கும் தெரிந்த செய்தியானது. ஏரி 22 அடியைத் தொட்டால் பேச்சு மாறுகிறது. 'தமிழ்நாடு வெதர்மேன்' எனப்படும் பிரதீப் ஜான் போன்ற தன்னார்வ வானிலைப் பதிவர்களை மக்கள் பின்தொடர்வதற்கும், ஊரின் பெயரைச் சொல்லிப் பேசும் அவர்களது முறை ஒரு காரணம்.

2024 அக்டோபர் நடுப்பகுதியில் கனமழை எச்சரிக்கை வந்தபோது வேளச்சேரி மேம்பாலத்தின் மீது மக்கள் தம் மகிழுந்துகளை வரிசையாக நிறுத்தினர். எந்தச் செயலியும் அவர்களிடம் அதைச் சொல்லவில்லை. முன்னறிவிப்பையும் தம் தெருவைப் பற்றிய நினைவையும் அவர்களே இணைத்துக்கொண்டனர். வரைபடத்தின் நோக்கமும் இத்தகைய முடிவுக்கு உதவுவதே. ஆனால் நினைவு, பழைய குடியிருப்பாளர்களிடம் மட்டும் உண்டு. புதிதாக வாடகைக்கு வந்தவர், வெளிமாநிலத் தொழிலாளர், விடுதியில் தங்கும் மாணவர் ஆகியோருக்கு அது கிடையாது. கல்லூரிகளும் தொழிற்பேட்டைகளும் நிறைந்த மேற்குப் புறநகரில் இத்தகையோர் ஏராளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டை நீரில் நின்றது. மதுரவாயலுக்கும் நொளம்பூருக்கும் இடையே உள்ள தரைப்பாலம் கூவத்தில் வெள்ளம் வரும்போது மூழ்குவது பழையவர்களுக்குத் தெரியும். புதியவர் வழிகாட்டிச் செயலியை நம்பி அங்கே வண்டியைத் திருப்பக்கூடும்.

நினைவைப் பதிவாக மாற்றும் வேலையைக் குடியிருப்போர் நலச் சங்கங்களும் தன்னார்வ அமைப்புகளும் செய்கின்றன. அறப்போர் இயக்கம் மழைநீர் வடிகால்களை மக்களைக் கொண்டு தணிக்கை செய்து அறிக்கை வெளியிட்டது. கொரட்டூர் ஏரிக்காக அப்பகுதி மக்கள் இயக்கம் தொடர்ந்து போராடிவருகிறது. எங்கே கால்வாய் அடைபட்டுள்ளது, எந்த இணைப்பு முடியாமல் நிற்கிறது என்பவற்றைச் செயற்கைக்கோள் காட்டாது. தெருவில் நடப்பவரே காட்ட முடியும்.

தயக்கங்கள்

வெள்ள வரைபடத்தை எல்லோரும் வரவேற்பதில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு மனை வாங்கியவர், தம் தெரு நீல நிறத்தில் காட்டப்பட்டால் விலை சரியும் என்று அஞ்சுகிறார். விற்பவருக்கோ அதை மறைப்பதில் ஆதாயம் உண்டு.

ஆற்றங்கரைக் குடிசைவாசிகளின் அச்சம் இன்னும் கூர்மையானது. கூவம் சீரமைப்புத் திட்டத்தின் கீழ்க் கரையோரக் குடும்பங்கள் பெரும்பாக்கம், பூந்தமல்லியை அடுத்த கூடப்பாக்கம் முதலிய இடங்களுக்கு மாற்றப்பட்டன. வேலையும் பள்ளியும் தொலைவாயின. பெரும்பாக்கமோ பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. அங்கும் வெள்ளம் வந்தது. அபாயப் பகுதி என்ற சொல் ஏழைகளுக்கு வெளியேற்ற ஆணையாகவும், அதே கரையிலுள்ள பெரிய கட்டடங்களுக்கு வெறும் குறிப்பாகவும் அமைந்தால் அப்படத்தின் மீது நம்பிக்கை பிறக்காது. நம்பிக்கை இல்லாதவர் தம் தெருவின் நீர்மட்டத்தைப் படத்தில் பதியவும் மாட்டார். படம் அவருடைய பகுதியில் வெறுமையாகவே இருக்கும்.

வரைபடத்தைப் படிக்கும் முறை

மாணவர்களும் குடியிருப்போரும் எந்த வெள்ள வரைபடத்தைக் கையில் எடுத்தாலும் கீழ்க்கண்ட கேள்விகளைக் கேட்பது நல்லது.

முதலாவது, இது எந்த வெள்ளத்தைக் காட்டுகிறது? ஆறு கரைபுரள்வதையா, ஏரி உடைப்பையா, தெருவில் மழைநீர் தேங்குவதையா? மூன்றும் வெவ்வேறு.

இரண்டாவது, எந்த ஆண்டின் நில அளவீட்டைக் கொண்டு வரையப்பட்டது? அதன்பின் அருகில் சாலையோ பாலமோ குடியிருப்போ வந்துள்ளதா?

மூன்றாவது, எந்த அளவு மழைக்கு? '100 ஆண்டு வெள்ளம்' என்பது 100 ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்று பொருள்படாது. எந்த ஓர் ஆண்டிலும் அது வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். 2015இல் பெரியது வந்துவிட்டதால் இனி வராது என்று எண்ணியிருக்க முடியாது.

நான்காவது, நீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது? வீட்டுக்கு மேற்பகுதியில் உள்ள ஏரியின் கலங்கலையும், கீழ்ப்பகுதியில் நீர் ஆற்றைச் சேரும் இடத்தையும் ஒருமுறையேனும் நேரில் பார்த்து வருவது நல்லது.

ஐந்தாவது, நிறம் அற்ற பகுதி பாதுகாப்பானதா, அல்லது தகவல் இல்லாத பகுதியா?

ஆறாவது, படம் தவறாக இருந்தால் யாரிடம் சொல்வது? அவசர உதவிக்கு மாநில அளவில் 1070, மாவட்ட அளவில் 1077 ஆகிய எண்கள் உள்ளன. படத்தின் பிழையைத் திருத்தக் கோருவதற்கும் இதுபோல் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழி தேவை.

மதிப்பீடு

சென்னையில் கடந்த சில ஆண்டுகளில் இரு ஓடைகள் தனித்தனியே ஓடியுள்ளன. ஒன்று, அறிவியலாளர்களும் அரசுத் துறைகளும் வளர்த்த முன்னறிவிப்புப் படம். அது வருமுன் சொல்லும், ஆனால் பெரும்பாலும் அலுவலகத்துக்குச் சொல்லும். மற்றொன்று, மக்கள் வரைந்த படம்; அது தெருவின் மொழியில் சொல்லும், ஆனால் நீர் வந்தபின் சொல்லும். இரண்டும் கலக்கும் இடம் உள்ளாட்சி வார்டுதான். வார்டு அளவில் படத்தைத் தமிழில் அச்சிட்டு நியாயவிலைக் கடையிலும் பள்ளியிலும் ஒட்டுவது, பருவமழைக்கு முன் ஏரிக்கரையில் நின்று ஊராரோடு அதைச் சரிபார்ப்பது, சென்ற வெள்ளத்தில் நீர் நின்ற உயரத்தை மின்கம்பத்தில் குறித்து வைப்பது, தனியே வாழும் முதியோரை அழைத்துச் செல்ல இருவரை முன்கூட்டியே பொறுப்பாக்குவது ஆகியவற்றுக்குப் பெரும் செலவு ஆகாது.

18ஆம் நூற்றாண்டில் ஏரியின் பரப்பைக் காணிக் கணக்கில் எழுதிய ஊர்க் கணக்கருக்கும், இன்று முழங்கால் நீரில் நின்று கைப்பேசியில் ஆழத்தைப் பதிபவருக்கும் பொதுவான ஒன்று உண்டு. இருவரும் தம் கண்ணால் கண்ட நீரைப் பதிகின்றனர். அப்பதிவை அடுத்த தலைமுறை படிக்குமாறு வைத்திருப்பது ஊரின் பொறுப்பும் அரசின் பொறுப்பும் ஆகும்.